ராஜபாண்டி மெஷின்

"இந்தக் கடைக்கு மொதலாளி எவன்யா?"

வலது கையைத் துண்டால் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஏறினாள் ராக்கம்மாள். துண்டில் அங்கங்கே சிவப்பாகக் கறை. பழனிசெட்டிபட்டி மெயின் ரோட்டில் பெரிய மோட்டார் கடை அது. அங்கே வந்து இப்படி யாரும் கத்தியதில்லை.

முதலாளி ராஜபாண்டிக்குச் சுர்ரென்று ஏறியது. வந்த நேரத்தைப் பார்! எதிரே கோயம்புத்தூர் கம்பெனியின் இன்ஜினியர் பிரின்சி உட்கார்ந்திருந்தாள். வருசநாட்டில் ஒரு பஞ்சுக் குடோனில் இலவங்காய் உடைக்கிற மெஷினைப் பார்த்து அசந்துபோய், அதன் தகட்டில் வெல்டிங் வைத்து எழுதியிருந்த 'ராஜபாண்டி, தேனி மாவட்டம்' என்ற பெயரை விசாரித்துக்கொண்டு வந்தவள்.

கம்பெனியே அந்த மெஷினைப் பெரிய அளவில் செய்து விற்கும், கண்டுபிடித்தவருக்குக் காலத்துக்கும் பெயரும் பங்கும் உண்டு என்று அவள் சொல்லி முடித்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "எங்கம்மா இலவங்காய் உடைச்சு உடைச்சு, அந்தத் தூசியில இருமியே போய்ச் சேந்தாக மேடம். அந்த வைராக்கியத்துல செஞ்சது" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் இந்தச் சத்தம்.

"என்னத்தா, கடைக்குள்ள வந்து கூப்பாடு போடுற? என்ன வேணும்?"

"என் கை வேணும்யா! இலவங்காய் உடைக்கிற மெஷினு இழுத்துருச்சு. விரலெல்லாம் போச்சு. இனிமே எந்தக் கையால சோறு திம்பேன்? நீ வந்து ஊட்டிவிடுவியா?"

"எந்த மெஷினு?"

"தெரியாத மாதிரி கேக்குறதப் பாரு! இங்கன என்ன பேரு எழுதியிருக்கோ, அதே பேருதான் அதுலயும் எழுதியிருக்கு." கல்லாவுக்கு மேலிருந்த பெயர்ப்பலகையை இடது கையால் படாரென்று தட்டினாள்.

பிரின்சி பதறி எழுந்துவிட்டாள். "அந்த மெஷினோட வாய் ரொம்பச் சின்னதாச்சுங்களே சார். கை எப்படி உள்ள போச்சு?"

"நீங்க சும்மா இருங்க மேடம். இதுக பணம் பறிக்க வந்த கூட்டம். ஏ அல்தாப்பு, இந்தப் பொம்பளைய வெளிய தள்ளு!"

கடைப் பையன் அல்தாப் இரண்டு எட்டு முன்னால் வந்தான். துண்டில் இருந்த கறையைப் பார்த்ததும் வந்த வழியே பின்வாங்கினான்.

"யாரப் பாத்துய்யா பணம் பறிக்க வந்தவங்குற?" ராக்கம்மாளின் கழுத்து நரம்பு புடைத்தது. நடிப்பில் வருகிற கோபமில்லை அது, அடிவயிற்றிலிருந்து வந்தது. "எங்க தெருவுல இன்னொருத்தி முழங்கை வரைக்கும் போய்ப் பெரியாஸ்பத்திரியில கெடக்கா. அவ அண்ணந்தம்பிக டெம்போவுல கெளம்பிட்டாக. வீரபாண்டி தாண்டியாச்சு. கூடவே போலீசும் வருது. மெஷினச் செஞ்ச ஆளுக்கு வெலங்கு மாட்டாம இன்னைக்கு எவனும் வீடு திரும்பப் போறதில்ல. செஞ்சது நீதான? இந்தப் பிள்ள முன்னாடி சொல்லுய்யா!"

வாசலில் ஏதோ வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. முதலாளிக்கு வேர்த்துக் கொட்டியது.

"நான் எதுக்குத்தா செய்யப் போறேன்? நான் மோட்டார வாங்கி விக்கிறவன். எனக்கு ஸ்பேனர் பிடிக்கக்கூடத் தெரியாது!"

"அப்ப யாரு செஞ்சது?"

"சின்னமனூர்ல லேத்துப் பட்டறை வச்சிருக்கான் ஒருத்தன். அவன் பேரும் ராஜபாண்டிதான். அவன் செஞ்ச மெஷினுத்தா அது. பேரு ஒண்ணாப் போன பாவத்துக்கு நான் ஜெயிலுக்குப் போகணுமா? அவனப் போய்ப் பிடிங்க!"

பிரின்சி நிதானமாகக் கேட்டாள்.

"தகட்டுல இருக்கிறது உங்க பேரு இல்லைங்களா சார்?"

"அவன் பேருதான் மேடம். சத்தியமா அவன் பேருதான்!"

"அப்ப தூசியில இருமிச் செத்துப்போன உங்கம்மா?"

"அவுக மதுரையில என் தங்கச்சி வீட்டுல நல்லாத்தான் இருக்காக மேடம்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. "மேடம், நான் என்ன சொல்ல வந்தேன்னா..." என்று இழுத்தார். பிரின்சி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். பெற்ற தாயை உயிரோடு சாகடித்த மனிதருக்காக, கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தானும் கண் கலங்கியதை நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ராக்கம்மாள் வெற்றிலைச் சாற்றுக் கறை பிடித்த துண்டை அவிழ்த்து உதறினாள். ஐந்து விரலும் முழுசாக இருந்தன, ஒரு கீறல்கூட இல்லை. முதலாளி வாயைப் பிளந்தார். அவள் அவரைத் திரும்பியும் பார்க்காமல் பிரின்சியின் பக்கம் வந்து நின்றாள். குரல் இன்னும் ஆத்திரத்தில் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

"நீங்க இங்க வந்தத குடோன்ல சொன்னாகன்னு ஓடியாந்தா, இந்தாளு அடிச்ச பொய் வாசல் வரைக்கும் கேட்டுச்சு. செஞ்சது எங்க வீட்டுக்காரவுகம்மா, வாசல்ல ஆட்டோவுலதான் இருக்காக, கூப்பிடவா?"