ஒற்றை ஆள் குக்கர்

பார்த்ததும் கையில் எடுத்துவிடுவோம் என்றுதான் நினைத்திருந்தாள்.

எடுக்கவில்லை.

பாத்திரக்கடையின் அடித்தட்டில், இட்லிச் சட்டிகளுக்குப் பின்னால், ஒளித்து வைத்ததுபோல் இருந்தது அந்தக் குக்கர். இரண்டு கையைக் குவித்தால் அடங்கிவிடும். ஒரு ஆளுக்கு ஒரு வேளைச் சோறு. பெட்டியில் சிரித்த முகமாக ஒரு பெண். பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘உங்களுக்கு மட்டும்’.

அந்த வரியை எழுதியவள் அவள்தான்.

குக்கர் கம்பெனியில் விற்பனை மேலாளர். தனியாக வாழ்கிறவர்கள் ஊரில் இல்லையா, அவர்களுக்குப் பசிக்காதா என்று கூட்டத்துக்குக் கூட்டம் மல்லுக்கட்டி இதைச் செய்ய வைத்தவள்.

ஒரு தீபாவளி போயிற்று. ஒரு பொங்கலும் போயிற்று. வாங்க ஆள் இல்லை.

விலையைக் குறைத்தார்கள். பெட்டியின் நிறத்தை மாற்றினார்கள். சிரிக்கிற பெண்ணைக்கூட மாற்றிப் பார்த்தார்கள்.

நாளைக் காலை கூட்டத்தில் இதை நிறுத்தப்போகிறார்கள். தடுக்க அவளிடம் ஒரே ஒரு பதில்தான் மிச்சம். ‘நானே ஒன்று வாங்கியிருக்கிறேன்.’

அதற்குத்தான் வந்திருந்தாள். வெட்கக்கேடு, இத்தனை நாளும் வாங்கவில்லை. கணவர் இறந்த பிறகும் அந்தப் பழைய பெரிய குக்கரில்தான் பொங்கிக்கொண்டிருந்தாள். காலையில் பொங்கியது ராத்திரிக்கு. அதிலும் மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி மறுநாளைக்கு. போன வாரம் அதன் கைப்பிடி உடைந்தது. இனி சாக்குச் சொல்ல முடியாது.

கடைக்காரர் பக்கத்தில் வந்தார்.

“குக்கருங்களாக்கா? வீட்ல எத்தன பேருங்க?”

சாதாரணக் கேள்வி. கடைக்காரர்களுக்கு நடத்திய பயிற்சியில், முதலில் இதைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

“நாலு பேருங்க.”

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே விழுந்தது.

அவர் மேல்தட்டிலிருந்து ஐந்து லிட்டரை இறக்கினார். விருந்தாளி வந்தாலும் தாங்கும் என்றார்.

இல்லை, நான் ஒருத்திதான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். பக்கத்தில் ஒரு குடும்பமே நின்று கல்யாணச் சீருக்குப் பாத்திரம் எடுத்துக்கொண்டிருந்தது. அண்டா, குடம், குத்துவிளக்கு என்று குவிந்து கிடந்தது. மணப்பெண் தூக்குவாளிக்குள் முகம் பார்த்துச் சிரித்தாள்.

அவர்களுக்கு முன்னால் வாய் வரவில்லை. கூச்சமாக இருந்தது. இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது என்று தன் மேலேயே கோபமாக வந்தது. கோபம் வந்தும் கூச்சம் போகவில்லை.

பெரியதற்கே பில் போடச் சொன்னாள்.

நாளை அந்தச் சின்னதை நிறுத்தலாமா என்று கேட்கும்போது அவளும் கை தூக்கியாக வேண்டும்.

வாசலோரம் பேர் வெட்டுகிறவர் உட்கார்ந்திருந்தார். வாங்கிய பாத்திரத்தில் பேர் வெட்டாமல் யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. அவளும் யோசிக்காமல் குக்கரை அவர் முன்னால் வைத்தாள்.

“என்ன பேருங்க போடோணும்?”

“வசந்தாமணி.”

மிஷின் கிர்ரென்றது. மூடியின் இடது ஓரத்தில் புள்ளி புள்ளியாக அவள் பேர் வந்தது. அவர் கையைத் தூக்கினார். மிஷினை நிறுத்தவில்லை.

“அப்பறம்?”

வலது பக்கம் முழுவதையும் விட்டுவைத்திருந்தார். கணவன் பேருக்கு, பிள்ளைகள் பேருக்கு. கேட்டுக்கொண்டு விட்டதல்ல. எல்லோருக்கும் அப்படித்தான் விடுவார்.

பொய்ப் பேர் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினாள்.

“அவ்வளவுதானுங்க. நான் மட்டுந்தான்.”

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து பில் எழுதினார். சீர்ப் பாத்திரக்காரர்கள் திரும்பக்கூட இல்லை. இவ்வளவுதானா என்று இருந்தது அவளுக்கு.

பேர் வெட்டுகிறவர் மூடியைச் சாய்த்துப் பார்த்தார். வெறும் இடத்தைக் கட்டைவிரலால் துடைத்தார்.

“எடம் வெறிச்சுன்னு கெடக்குதுங்க. ஒரு பூ போட்டுடட்டுங்களா?”

அவள் மூடியில் தன் பேரை ஒருமுறை படித்தாள்.

“பெருசாவே போட்டுருங்க.”