பல் தடம்

கையுறையைக் கழற்றாமலே அந்த ரப்பர் துண்டை அவள் விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். இரண்டு பற்கள் பதிந்திருந்தன. ஒன்று நேராக இருந்தது. மற்றதில் ஒரு மூலை இல்லை.

சந்தேகமே வேண்டாம், அவனுடைய பல்தான்.

போலீஸ் சமாசாரம் ஒன்றுமில்லை. பொது நூலகத்தின் கீழ்த்தளத்தில், புத்தகம் போலவே வாத்தியங்களையும் இரவல் கொடுக்கிற பிரிவு அது. ஊர்ப்பட்ட பேர் வாய் வைக்கிற சாமான் என்பதால் திரும்பி வந்ததும் சோப்பு நீரில் ஊறவைத்து, தேய்த்து, கிருமிநாசினி தெளித்துக் காயவைக்க வேண்டும். சாக்ஸபோன் என்றால் மவுத்பீஸில் மேல்பல் படுகிற இடத்தில் ஒரு ரப்பர் துண்டு ஒட்டியிருக்கும். அதை உரித்துக் குப்பையில் போட்டுவிட்டு, அடுத்த ஆளுக்குப் புதியது ஒட்ட வேண்டும்.

இத்தனை நாள் மாடியில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தவளை இந்த வாரம்தான் இங்கே இறக்கிவிட்டிருந்தார்கள். புது வேலை என்பதால் எல்லாவற்றையும் முறைப்படியே செய்தாள். முதலில் பெட்டியின் கைப்பிடி. யாருக்கோ மூட்டுவலி போலிருக்கிறது, தைல வாசனை தூக்கியடித்தது. அது போகும்வரை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டுத்தான் மவுத்பீஸைக் கையில் எடுத்திருந்தாள்.

துண்டைக் குப்பையில் போட மனசு வரவில்லை. காகிதத்தில் மடித்துப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டாள்.

சின்ன வயதில் மாடிப்படியில் உருண்டு மகன் உடைத்துக்கொண்ட பல் அது. டாக்டரிடம் போய் அதைச் சரிபண்ணச் சொல்லி அவள் கெஞ்சாத நாள் இல்லை. "இருக்கட்டும்மா. நான் தொலைஞ்சு போனா அடையாளம் சொல்ல வேணாமா?" என்று சிரிப்பான்.

தொலைந்தும் போனான். "இது வாசிப்பாடா? நாய் ஊளை தேவலை" என்று அவன் அப்பா ஒருநாள் சாக்ஸபோனைப் பிடுங்கி வாசலில் எறிந்தார். நசுங்கிக் கிடந்ததை மகன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போனவன்தான், போன் நம்பரையும் மாற்றிவிட்டான். ஒன்றரை வருஷம் ஆகிறது. அவன் பேச்சை எடுத்தாலே அவர் எழுந்து போய்விடுவார். அவளும் அவரிடம் சோறு ஆயிற்றா, கதவு பூட்டியாயிற்றா என்பதோடு நிறுத்திக்கொண்டாள். வேலை இடம் மாறியதைக்கூடச் சொல்லவில்லை.

கவுண்டரில் இருந்த பெண்ணிடம் ஓடினாள்.

"இந்த சாக்ஸபோனைக் கொண்டாந்து குடுத்தது யாரும்மா?"

"யார் என்ன வாங்கினாங்கன்னு சொல்லக் கூடாதுக்கா. என் வேலை போயிடும்."

"பேரு வேணாம். சின்னப் பையனான்னு மட்டும் சொல்லேன்."

"பேரும் கூடாது, ஆளும் கூடாது." அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்கே என்னவோ போலிருந்தது. குரலைத் தாழ்த்தினாள். "சுத்தம் பண்ணினதும் சாயந்தரம் வந்து மறுபடி வாங்கிக்கறதா சொல்லியிருக்காங்க. நீங்களே இங்க உக்காந்து பாத்துக்குங்க."

பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது போல அவள் அந்த வாத்தியத்தைச் சுத்தம் செய்தாள். சாயங்காலம் பெட்டியை எதிரே வைத்துக்கொண்டு கவுண்டரில் உட்கார்ந்தாள். அழக் கூடாது. எங்கே போனாய் என்று கேட்கக் கூடாது. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்க வேண்டும்.

கதவு திறக்கும்போதெல்லாம் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தாள். கிதார் கேட்டு ஒரு பெண் வந்தாள். டிரம் குச்சிகளைத் திருப்பிக் கொடுக்க ஒருவர் வந்து, ஒரு குச்சி குறைகிறது என்று பைக்குள் துழாவிக்கொண்டே நின்றார். பூட்டுகிற நேரமும் நெருங்கிவிட்டது.

மறுபடி கதவு திறந்தது. உள்ளே வந்தவர் அவள் கணவர்.

அவர் அவளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"நீ மாடியில இல்ல?" என்றார்.

கவுண்டர்ப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவள் விடவில்லை. எழுந்து பெட்டியின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

"இப்ப போயிடுங்க. உங்க கால்ல வேணா விழறேன். நம்ம பையன் இதை வாங்க வரப்போறான். உங்களைப் பாத்தான்னா வாசலோட திரும்பிடுவான். இன்னொரு தடவை அவனைத் துரத்திடாதீங்க."

எதற்கெடுத்தாலும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிற மனுஷன், இன்று தலையைக் குனிந்துகொண்டார்.

"அவன் வரமாட்டான்" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? என்ன சொன்னீங்க அவனை?"

அவர் சட்டைப் பையிலிருந்து நூலக அட்டையை எடுத்து, பெட்டிக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்தார். அந்தக் கையிலிருந்து தைல வாசனை வந்தது.

பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"நீயும் வா. நல்லாத்தான் வாசிக்கிறான்."