நிறம் மட்டும்தான்

“பிள்ளை, இந்தச் சிவப்பைப் பச்சையாக்க ஏலுமோ?” என்று கேட்டார் கனகலிங்கம் சேர்.

அலுவலகக் கணினித் திரையில் லிந்துலைப் பக்கத்து மண்சரிவு வரைபடம் இருந்தது. ஆபத்தான இடமெல்லாம் சிவப்பு.

“ஏலும் சேர். நிறம் மட்டும்தான் மாறும், ஆபத்து மாறாது” என்றாள் கிருஷாந்தி.

“அது போதும். நாளைக்குத் தேயிலைத் தோட்டத் தலைவர்மார் வருகினம். சிவப்பைக் கண்டால் வேற இடத்தில வீடு கேட்பினம்.”

அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிறங்களை மாற்றும் கட்டளையை ஒரே வரியில் தட்டினாள். மலை முழுக்கப் பச்சையானது. மறுநாள் வந்தவர்கள் பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பினார்கள்.

அன்று மாலை கொட்டும் மழையில், அந்த மலையடியில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்குள் கிருஷாந்தி ஓடினாள். அவள் பிறந்த வீடு அது. உண்மையை அப்பாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்ற துணிவில்தான் நிறத்தை மாற்றியிருந்தாள்.

“அப்பா, எல்லாரும் ஸ்கூலுக்குப் போயிருவோம்.”

“எதுக்கும்மா? கம்ப்யூட்டர்ல பச்சையா இருக்குன்னு தலைவரு சொன்னாரே. பயந்துபோயி ஸ்கூல்ல படுத்திருந்தவங்களயும், எம்மவ பாக்குற கம்ப்யூட்டருன்னு சொல்லி நான்தான் கூட்டியாந்தேன்.”

“பச்சையாக்குனதே நான்தாம்பா.”

அப்பா நல்லமுத்து சிரித்தார்.

“எம்மவ அப்பிடிச் செய்வாளா? மழ உள்ள அடிக்குது, கதவச் சாத்திட்டு வா.”