வாஸ்கோடகாமா வந்துவிட்டான்

ஃபைபர் படகு அலைதடுப்புச் சுவரைச் சுற்றி உள்ளே திரும்பியதும் கரையில் நின்ற பெண்கள் ஓவென்று அழுதார்கள்.

ஸ்டெபி மட்டும் துப்பட்டாவை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

படகின் முனையில் நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தது அவள் புருஷன்தான். நேற்று மாலை அடித்த காற்றில் போனவன் போனதுதான் என்று ஊரே முடிவுகட்டியிருந்தது. ஆளோ கல்யாண ஊர்வலத்தில் வருகிறவன் மாதிரி நின்றான்.

"ஏளா ஸ்டெபி, உன் வாஸ்கோடகாமா உலகத்தச் சுத்திட்டு வாரான் பாரு!" என்று பக்கத்து வீட்டு இசபெல்லா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அது அவனே வைத்துக்கொண்ட பெயர். முயல்தீவுக்குக் கொஞ்சம் தள்ளிப் போய்ச் சங்கு எடுத்து வருகிறவனுக்கு அந்தப் பெயர் அதிகம்தான். கேட்டால், அவன் கடலுக்கு மேலே வழி கண்டுபிடித்தான், நான் அடியிலே கண்டுபிடித்தேன் என்பான். வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்லை.

ஆனால் சங்கு குளிக்கிற எவனும் கடலோரத்தில் சொந்தப் பெயரோடு இருப்பதில்லை. அவனோடு போகிற ஜோன்ஸ்கூட இங்கே அலெக்சாண்டர்தான். ஞானஸ்நானப் பெயரை யாராவது சொல்லிவிட்டால் கடல் அதைக் கேட்டு வைத்துக்கொள்ளும். பிறகு அவனுக்குப் பிரியமான ஒரு குரலில் கூப்பிடும். பதில் கொடுத்தவன் அதோடு சரி.

கல்யாணமான நாளிலிருந்து ஸ்டெபி வீட்டுக்குள்கூட அவனை வாஸ்கோ என்றுதான் கூப்பிட்டாள். சந்தோஷத்தில் நாக்கு தவறிவிடக் கூடாதே என்றுதான் இப்போது துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

படகு கூப்பிடு தூரத்துக்கு வந்துவிட்டது. அவன் பல் தெரிந்தது.

"ரெக்சன்..."

ஸ்டெபியின் குரல்தான். ஆனால் படகுக்குப் பின்னால், ஆழக்கடலிலிருந்து வந்தது.

அந்தக் குரலில் தன் பெயரை அவன் ஒருநாளும் கேட்டதில்லை. சிரித்தபடியே கரைக்கு முதுகைக் காட்டித் திரும்பினான்.

"என்னளா?" என்றான்.

வீட்டுப் படி இறங்குகிறவன் போலக் கடலுக்குள் இறங்கினான். படகிலிருந்த ஜோன்ஸ் பின்னாலேயே குதித்து, வெறும் கையோடு மேலே வந்தான்.

பெண்கள் எல்லோரும் ஸ்டெபியைத் திரும்பிப் பார்த்தார்கள். துப்பட்டா அவள் வாயில் அப்படியே இருந்தது.

கடலிடம் பெயரைச் சொன்னது யார் என்று இனி ஊர் தேடும். அவளுக்குத் தேட வேண்டியதில்லை.

நேற்று காற்று எழும்பியதும் கடலைப் பார்த்து மாதா சொரூபம் நிற்கிற கெபிக்குத்தான் ஓடினாள். வாஸ்கோவைக் காப்பாத்து தாயே என்றுதான் முதலில் அழுதாள். பிறகு பயம் வந்துவிட்டது. வாஸ்கோடகாமா என்று சொன்னால் மாதாவுக்கு இவனை எப்படி அடையாளம் தெரியும்? அவளுக்குத் தெரிந்தது கோயிலில் தண்ணீர் ஊற்றி வைத்த பெயர்தானே?

கெபியின் கண்ணாடியில் உதட்டை ஒட்டவைத்து, ஒரே ஒரு தடவை, மெல்லத்தான் சொன்னாள்.

மாதாவுக்கும் கேட்டிருக்கத்தான் வேண்டும். படகு திரும்பி வந்ததே.