எண்ணெய்க் குப்பி

"பூஜை போடாம இந்த ஆஸ்பத்திரியிலேர்ந்து ஒரு திருகாணிகூட வெளியே போகாதுப்பா!"

ஸ்டோர் கீப்பர் கலியாணசுந்தரம் கேட் பாஸ் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஒரு கையில் சந்தனக் கிண்ணம், இன்னொரு கையில் சின்ன எண்ணெய்க் குப்பி.

மெக்கானிக் பரமசிவம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவருடைய மேஜையில் பன்னிரண்டு பித்தளை ரெகுலேட்டர்கள் வரிசையாக இருந்தன.

எழுபத்தொன்றாம் வருஷம். வங்காள எல்லையில் லட்சக்கணக்கில் அகதிகள். முகாம் ஆஸ்பத்திரிகளில் குழந்தைகள் மூச்சுத் திணறிக் கிடந்தன. ஆக்சிஜன் சிலிண்டர்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. அவற்றிலிருந்து காற்றை அளந்து விடுகிற ரெகுலேட்டர்தான் போதவில்லை. அங்கங்கே பழுதாகிக் கிடந்தவற்றையெல்லாம் திரட்டி, பத்து நாளாகச் சரி செய்திருந்தார் பரமசிவம். நாலு மணிக்கு லாரி கிளம்பினால்தான் மெட்ராஸில் ஹவுரா மெயிலைப் பிடிக்க முடியும். இப்போதே மணி மூன்று.

"இன்னிக்கு ஆயுத பூஜை. பிள்ளையார்பாளையத்துல ஒரு தறி ஓடல. என் தம்பிங்க நூல் ஓட்டற நாடாவைக்கூடத் தொடல. நீ என்னடான்னா காலையிலேர்ந்து ஸ்பானரை வெச்சு முறுக்கிக்கினு இருக்குற!"

"நாலு மணிக்கு லாரிண்ணா."

"போவட்டும். வேணாம்னா சொன்னேன்? ஒண்ணொண்ணையும் எண்ணெய் போட்டுத் தொடச்சு, ஒரு பொட்டு வெச்சுட்டு, கையெழுத்துப் போடறேன். அஞ்சு நிமிஷம்."

"எண்ணெய் இதுங்க கிட்டயே வரக் கூடாதுண்ணா."

"காமாட்சி கோயில் வெளக்கு எண்ணெய்ப்பா இது!"

"எந்த எண்ணெயும் கூடாது."

காலையில் சுண்டல் கொடுத்தபோதும் பரமசிவம் வாங்கவில்லை. தாளித்த எண்ணெய் கையில் படுமாம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தலைக்கும் எண்ணெய் வைப்பதில்லை. அந்தப் பரட்டைத் தலையைப் பார்த்தே, 'நாத்திகன்' என்று ஆஸ்பத்திரியில் பேர் வைத்துவிட்டார்கள். பேர் வைக்கத்தான் நம் ஆட்களுக்கு நேரமே ஆகாதே!

"சாமி காரியத்துல என்னாய்யா வீம்பு?" என்றாள், வார்டு பெருக்கும் பட்டம்மாள்.

கலியாணசுந்தரத்துக்குத் துணை கிடைத்துவிட்டது.

"நல்லாக் கேளும்மா! போன வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள், சிலிண்டரைத் தொறக்கறப்போ குப்புனு பத்திக்கினு இவன் கை வெந்துச்சே, அப்பக்கூடப் புத்தி வரல. சாமி சும்மா வுடுமா?"

ஸ்பானர் ஒரு கணம் நின்றது. பரமசிவம் தன் வலது உள்ளங்கையைப் பார்த்தார். தோல் சுருங்கி, பளபளவென்று இருந்தது. மறுபடி திருக ஆரம்பித்தார்.

சத்தம் கேட்டு டாக்டர் ஏலவார்குழலி வந்தார்.

"கலியாணசுந்தரம், என்ன இது? கையெழுத்துப் போடுங்க."

"சாமி குத்தம் ஆயிடும்மா. துளி எண்ணெய்..."

"துளி எண்ணெய்தான் ஆபத்து. அழுத்தத்துல வர்ற ஆக்சிஜன்ல எண்ணெய் பட்டா தீக்குச்சியே வேண்டாம், தானே பத்திக்கும். போன வருஷம் இவர் கை வெந்தது அதனாலதான். 'என் கையில எண்ணெய் இருந்துச்சு, என் தப்பு'ன்னு எழுதிக் கொடுத்தார். நான்தான் மெமோ கொடுத்தேன்."

கலியாணசுந்தரத்துக்குச் சுருக்கென்றது.

பரமசிவத்தின் கையில் எண்ணெயா? சுண்டலைக்கூடத் தொடாத இந்த ஆளின் கையிலா?

போன வருஷம் பூஜையன்று பரமசிவம் லீவு. ஸ்டோர் சாவியைப் போட்டு அறையைத் திறந்து, அத்தனை சிலிண்டர் வாயையும் எண்ணெய் போட்டுப் பளபளவென்று துடைத்துப் பொட்டு வைத்தது யார்? தெரிந்தால் பரமசிவம் சண்டைக்கு வருவானென்று மூச்சு விடாமல் இருந்தது யார்?

"பரமசிவம்... அந்த எண்ணெய்..."

"தெரியும்ணா. திருகு மேல குங்குமம் ஒட்டிக்கினு இருந்துது."

"ஏன்பா சொல்லல?"

"அந்த மாசந்தானே உங்களுக்கு பர்மனென்ட் ஆர்டர் வர இருந்துது? மூணு பொண்ணுங்கள வெச்சுக்கினு இருக்கீங்க."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணரை ஆகுது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கலியாணசுந்தரம் எண்ணெய்க் குப்பியைப் பட்டம்மாளிடம் நீட்டினார். குழாயடிக்குப் போய், முழங்கை வரை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினார். கண்ணையும் கழுவிக்கொண்டார். வந்து கேட் பாஸில் கையெழுத்துப் போட்டார்.

ரெகுலேட்டர்களைப் பெட்டியில் அடுக்கி ஆணி அடித்ததும், ஆளுக்கு ஒரு பக்கமாகத் தூக்கிப் போய் லாரியில் ஏற்றினார்கள்.

"பூஜை போடணும்னீங்களே?" பரமசிவம் சிரித்தார். "இப்ப பெட்டிக்கு மேல பொட்டு வைங்கண்ணா. ஒண்ணும் ஆகாது."

கலியாணசுந்தரம் சந்தனத்தைத் தொட்டார்.

"பெட்டிக்கு எதுக்குப்பா? ஆயுதத்துக்குத்தானே இன்னிக்குப் பூஜை!"

பரமசிவத்தின் வலது கையை இழுத்து விரித்து, வெந்து சுருங்கிய அந்த இடத்தில் பொட்டு வைத்தார்.