பின் இருக்கைக் காகிதம்

"இந்த வெறும் கார்க் கூட்டுக்குப் பதினாலாயிரம் டாலர் கேக்குறீங்களே, உங்களுக்கே நியாயமா படுதாம்மா?"

பழைய கார் வியாபாரி டுவைட் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கேட்டான். கராஜில் நின்ற அறுபத்தொன்பதாம் வருடத்து ஷெவெல் காருக்கு என்ஜின் இல்லை, கண்ணாடி இல்லை, பாதி உடம்பில் பெயிண்ட்டும் இல்லை. புருஷன் அரைகுறையாக விட்டுப்போன பழைய காரை விற்கும் விதவை என்றால் அவனுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

"சாதாரண வண்டிதான் தம்பி. பெரிய என்ஜினோட வந்ததில்லைன்னு என் வீட்டுக்காரர் ஆர்லோவே சொல்லுவாரு. ஆனா விலை அதுதான்," என்றாள் மேவிஸ்.

எழுபது வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது. பாவம், துருவைத் தானே தேய்த்துப் பார்த்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

"மூவாயிரம் தரேன். அதுவும் உங்க முகத்துக்காக."

"மூவாயிரத்துக்குக் குடுக்குறதுக்கு நான் இதுல கோழி வளத்துக்குவேன். இருங்க, காபி கொண்டாரேன்."

அவள் உள்ளே போனதும் டுவைட் வழக்கமான வேலையில் இறங்கினான். அந்தக் காலத்து ஷெவெல்லில் அடிச்சட்ட எண்ணை வைத்து, எந்த என்ஜினோடு வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் தொழிற்சாலையில் ஒவ்வொரு வண்டியோடும் ஒரு காகிதம் போகும், எல்லா விவரமும் அதில் இருக்கும். வேலை முடிந்ததும் அதைக் குப்பையில் போடச் சோம்பல்பட்டு, பின் இருக்கையின் ஸ்பிரிங்குக்குள் செருகிவிடுவார்கள். அந்தச் சோம்பேறிகளின் புண்ணியத்தில்தான் டுவைட் இரண்டு வீடு கட்டினான்.

இருக்கையைத் தூக்கிக் கையை விட்டுத் துழாவினான். இருந்தது.

ஓரமெல்லாம் கிழிந்து, பழுப்பேறிய காகிதம். ஒஹாயோவின் ஜூலைப் புழுக்கத்தில் நமுத்துப்போயிருந்தது. அவசரமாகப் படித்தான். பெரிய என்ஜின், பந்தய கியர். வண்டியைச் சரிபண்ணி, காகிதத்தோடு ஏலத்தில் நிறுத்தினால் ஒன்றரை லட்சம் டாலருக்குக் குறையாது.

கிழவிக்குத் தெரிந்தால் விலை எங்கேயோ போய்விடும். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இருக்கையைப் பழையபடி வைத்தான்.

காபி வந்தது. சும்மா நிற்கக் கூடாதே என்று பேச்சுக் கொடுத்தான்.

"ஏம்மா, அவரு ஏன் பாதியிலயே விட்டுட்டாரு?"

"இதுக்கு முன்னாடி ஒரு சிவப்பு வண்டி வித்தாரு. அதுல மனசு விட்டுப்போச்சு. அப்புறம் ஸ்பேனரையே கையால தொடல. ரெண்டே வருஷம், போய்ச் சேந்துட்டாரு."

டுவைட் பாதிக் காதில்தான் கேட்டான். இவள் இன்னும் இரண்டு பேருக்குப் போன் போடுவதற்குள் காரியத்தை முடித்தாக வேண்டும்.

"சரி விடுங்கம்மா. உங்களப் பாத்தா பேரம் பேச மனசு வரல. பதினாலாயிரமே வச்சுக்கங்க."

பணத்தைக் கொடுத்துவிட்டு ரசீதை அவனே எழுதினான். 'இருக்கிறபடியே விற்றது, இருக்கிறபடியே வாங்கியது. பிறகு ஒருவரை ஒருவர் எதுவும் கேட்கக் கூடாது.' விஷயம் தெரிந்து நாளைக்கு யாரும் வக்கீலோடு வந்து நிற்கக் கூடாது என்று எல்லா ரசீதிலும் இதை எழுதுவான்.

மேவிஸ் அதை இரண்டு தடவை படித்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. இது ரெண்டு பேருக்கும் பொருந்தும்ல?"

"பின்னே? ரெண்டு பேருக்கும்தான்."

அவள் கையெழுத்துப் போட்டாள். டுவைட் காரை டிரெய்லரில் ஏற்றிக் கட்டி, டிரக்கில் உட்கார்ந்து சாவியைத் திருகினான். மேவிஸ் ஜன்னலோரம் வந்து நின்றாள்.

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி அந்தச் சிவப்பு வண்டிய உங்க யார்டுக்குத்தான் தம்பி கொண்டாந்தோம். நான் டிரக்க விட்டு இறங்கல, அதான் உங்களுக்கு என்னத் தெரியல. சாதாரண வண்டின்னு சொல்லி நாலாயிரம் குடுத்தீங்க. இருக்கைக்குள்ள தேடணும்னு அவருக்கு அப்பத் தெரியாது."

டுவைட் என்ஜினை அணைத்தான்.

"மறு மாசம் ஏலத்துல பாத்தோம். அதே வண்டி, கண்ணாடியில அந்தக் காகிதத்த ஒட்டி நிறுத்தியிருந்தீங்க. வீடு வந்து சேர்ற வரைக்கும் மனுஷன் ஒரு வார்த்த பேசல."

அவன் கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போயிற்று.

"பாத்து எடுங்க தம்பி, நேத்துத்தான் செஞ்சது. காபிக் கறை இன்னும் காயல."