அணைக்கக் கூடாத கார்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: வரலாற்றில் முதன்முறையாக ஒரு பாழடைந்த ஜமீன் அரண்மனை, காரைவிட்டு இறங்காமலே ஆராயப்பட்டது. ஆராய்ந்தவர் தாண்டவராயன். அவருடைய பழங்காலக் காரை அணைத்தால், நாலு பேர் தள்ளாமல் மறுபடி கிளம்பாது. அந்தக் காட்டிலோ ஈ, காக்கை இல்லை. ஆகவே யானைக்கென்று கட்டிய சரிவில் ஏற்றி, காரை உள்ளேயே விட்டார். தூண்களைச் சுற்றிச்சுற்றி ஓட்டினார். வௌவால்கள் சிதறிப் பறந்தன.

“குஞ்சரி, பாத்தியா? அத்தனையும் தேக்கு!”

“பாத்தேங்க! இன்னொரு சுத்து விடுங்க!” என்று மனைவியும் குதூகலித்தாள்.

கடைசிக் கூடத்தில் ஜமீன்தார் கொலுவிருந்த மேடை. அதில் ஒரு வெள்ளாடு படுத்திருந்தது. தாண்டவராயனுக்கு மெய்சிலிர்த்தது. தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எஞ்சினை அணைத்தார்.

“அய்யோ, என்னங்க பண்ணிட்டீங்க?”

“ஜமீன்தார் சமூகத்துக்கு முன்னால வண்டி உறுமலாமாடி?”

ஆடு எழுந்து போய்விட்டது. இருவரும் நடந்துபோய் பஸ் பிடித்தார்கள்.